பதினாலு வீட்டுத் தண்ணீர்

விடிந்ததிலிருந்து நான்காவது முறையாகப் பெட்டிக்காரர் கொல்லைப்பக்கம் ஓடியபோதுதான் சவுக்காரக்காவுக்குப் பயம் தட்டியது. முதல் முறை ஓடியதை அவள் கவனிக்கவே இல்லை. இரண்டாவது முறை, "என்ன, ராத்திரி தின்னது செரிக்கலையா?" என்று கேட்டாள். மூன்றாவது முறை ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது முறை சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் திரும்பி வந்ததையும், உதடு காய்ந்து கண் உள்ளே போயிருந்ததையும் பார்த்து, தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த கோலை அப்படியே டிரம்முக்குள் நழுவவிட்டாள்.

சவுக்காரக்கா என்பது தெரு வைத்த பெயர். சவுக்காரம் என்றால் சோப்பு. சலவைக்கடைக்காரி என்பதற்காக மட்டும் வைத்ததல்ல. அழுக்கைக் கண்டால் விடமாட்டாள், அது துணியில் இருந்தாலும் சரி, ஆளிடம் இருந்தாலும் சரி. அவள் புருஷன் இஸ்திரி போடுகிறவர், ஆகவே பெட்டிக்காரர். அவள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார். முப்பது வருஷமாய் அந்தக் குடும்பம் அப்படித்தான் கணக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் வந்தது புருஷனுக்கு வயிறு கெட்டதால் மட்டும் அல்ல. அந்தத் தெருவில் பதினாலு வீடு. ஒரு வீட்டைத் தவிர பாக்கி எல்லா வீடும் நான்கு நாளாய்க் குடிப்பது அவள் டிரம்மிலிருந்து மொண்டு கொடுக்கும் தண்ணீரைத்தான்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து அன்றோடு ஏழு நாள். முதல் நாள் தெருவில் இடுப்பளவு நின்றது. மூன்றாம் நாள் சேற்றை வீட்டுக்கு வீடு பங்கு வைத்துவிட்டு இறங்கியது. போகும்போது சும்மா போகாமல் பாலத்தையும், பாலத்தின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த குடிநீர்க் குழாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கரண்ட் இல்லை. கேஸ் வண்டி வர வழியில்லை. விறகு என்று வீட்டில் இருந்ததெல்லாம் ஊறிப் போயிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தாகமாய் இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான். அந்தத் தெரு அப்படித்தான் நின்றது.

முதல் இரண்டு நாளும் தண்ணீர் கண்டுபிடித்தவள் சவுக்காரக்காதான். குளியலறையில் தலைக்கு மேல் தொங்குகிற கீசருக்குள் முப்பது நாற்பது லிட்டர் நல்ல தண்ணீர் நிற்கிறது என்பது வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை. வெந்நீரும் பிளீச்சுமாய் வாழ்ந்தவளுக்குத் தோன்றியது. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வரும் வழியை அடைத்து, மேலே ஒரு குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, அடிக்குழாயைத் திருகினாள். தெளிவாய்க் கொட்டியது. "தலைக்கு மேல தண்ணிய வெச்சுக்கிட்டுத் தெருவுல தேடுறீங்களே" என்று வீடு வீடாய்ப் போய்த் திறந்துவிட்டாள். இந்த உற்சாகத்தில் சலூன்காரர் கழிப்பறை மேல்தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அக்கா, இதுவும் குழாய்த் தண்ணிதானே? கொஞ்சம் நீலமா இருக்கு, பரவாயில்லையா?"

"உன் பொண்டாட்டி அதுல வாசனைக் கட்டி போட்டிருக்கா. குடி, குடி. உள்ளேயும் சுத்தமாகும்."

கீசர் தண்ணீர் இரண்டு நாளில் தீர்ந்தது. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிக்கலாம் என்று பாத்திரங்களை எல்லாம் பரப்பி வைத்தபோது, ஊரை மூழ்கடித்த மழை நல்ல பிள்ளைபோல் நின்றுகொண்டது. மிச்சம் இருந்தது சலவைக்கடைக் கொல்லையில் இருந்த கிணறு. துணி துவைக்கவென்று வைத்திருந்த கிணறு. வெள்ளம் அதன் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிக் குடியேறிவிட்டது. வாளி விட்டு எடுத்தால் பாலில்லாத டீ மாதிரி வந்தது.

அப்போதுதான் சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ் வழி சொல்லிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கக் கொடுக்க வந்தவர் கிணற்றை எட்டிப் பார்த்து, "தெளிய வைங்க, வடிகட்டுங்க, அப்புறம் பிளீச் விடுங்க. வாசனை கலக்காத வெறும் பிளீச். இருபது லிட்டருக்கு அரை ஸ்பூன். அரை மணி நேரம் மூடி வைங்க. திறந்து மோந்தா லேசா பிளீச் வாசனை வரணும். வந்தா குடிக்கலாம். வரலேன்னா மறுபடி அதே அளவு விட்டுக் கால் மணி நேரம் வைங்க. அப்பவும் வரலேன்னா தயவுதாட்சண்யம் பாக்காம கொட்டிடுங்க" என்றார்.

பிளீச்சா? அது சவுக்காரக்காவுக்குத் தாய்வீடு. கடையில் மூன்று பெரிய டிரம் இருந்தது. முதல் டிரம்மில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தாள். கலங்கல் அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை மட்டும் மொண்டு இரண்டாம் டிரம்முக்கு மாற்றினாள். அதன் வாயில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எட்டாக மடித்துக் கட்டியிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் யாரோ வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராத விரிப்பு. "எங்க இருந்தாலும் அந்தப் புண்ணியவான் நல்லாருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவாள். வடிந்தது மூன்றாம் டிரம்முக்குப் போகும். அங்கே இருநூறு லிட்டருக்கு அஞ்சு ஸ்பூன் மருந்து. ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறைப்பு. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஆனாலும் மாலை ஐந்து மணிக்குத் தெரு குடத்தோடு வரிசையில் நிற்கும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை மறைக்க அவளாலேயே முடியவில்லை.

ஒரே ஒரு குறை. மோந்து பார்ப்பது. முப்பது வருஷம் பிளீச்சில் கிடந்த மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் தெருக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதனால் மோந்து பார்க்கும் வேலை மருமகளுக்கு. மருமகள் நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். மூன்று வீடு தள்ளி யாராவது வெங்காயம் நறுக்கினால் இங்கே அவளுக்குக் குமட்டும். மகன் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். டிரம் மூடியைத் திறந்ததும் மருமகள் ஓரடி தள்ளி நின்று முகத்தைச் சுளிப்பாள். "இருக்கு அத்தை" என்பாள். அதுதான் முத்திரை. அதற்கு அப்புறம்தான் முதல் குடம்.

நேற்று மாலை அந்த முத்திரை விழவில்லை.

மருமகளுக்குத் தலைவலி, உள்ளே படுத்திருந்தாள். வரிசை தெருமுனை வரை நின்றது. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் குடம் கொண்டு வராமல் வேடிக்கை பார்க்க மட்டும் வந்திருந்தார். பிளீச் என்பது துணிக்கு, வயிற்றுக்கு அல்ல என்பது அவர் கட்சி. வீட்டில் உடைந்த நாற்காலிகளை எரித்துத் தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிப்பதாகத் தெருவுக்கே சொல்லிவைத்திருந்தார்.

"என்னம்மா, மோந்து பாத்தாச்சா? இல்ல, கண்ண மூடிக்கிட்டு ஊத்தப் போறியா?"

அந்த ஒரு கேள்வியில் சவுக்காரக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. டிரம்முக்குள் தலையை விட்டாள். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தலையை வெளியே எடுத்து, "ஜம்முனு இருக்கு வாத்தியாரே, வேணா நீங்களும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். வரிசை சிரித்தது. குடங்கள் நிறைந்தன.

இப்போது காலையில், புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவளுக்கு அதைவிட மோசமான ஒன்று நினைவுக்கு வந்தது. பழைய பாட்டில் காலியாகி, நேற்று எடுத்தது ஜன்னல் பலகையில் இருந்த பாட்டில். போன வருஷம் வாங்கியது. ஒரு வருஷமாய் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெயில் பட்ட பிளீச் டீக்கறையைக்கூட எடுக்காது என்பது சலவைக்காரிக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் அந்த அறிவு எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

"அத்தை, மாமாவுக்கு என்ன?" என்று மருமகள் எழுந்து வந்தாள்.

"நீ நேத்து ராத்திரி தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். ஏன்?"

"எவ்வளவு?"

"ரெண்டு மூணு டம்ளர் இருக்கும், மூக்கப் புடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன். என்ன அத்தை, எதுக்கு இப்படிப் பாக்குறீங்க?"

சவுக்காரக்காவின் கண் மருமகளின் வயிற்றில் போய் நின்றது. பிறகு குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். மோந்து பார்க்கச் சொல்ல ஒரு சொட்டு இல்லை. தாகம் தாகம் என்று ராத்திரி முழுக்கப் பெட்டிக்காரர் குடித்துத் தீர்த்திருந்தார்.

"மாமாவுக்கு உப்பும் சக்கரையும் கரைச்சுக் குடு. மேல பாட்டில்ல கீசர் தண்ணி கொஞ்சம் உனக்குன்னு எடுத்து வெச்சேன்ல, அதுல கரை. ஒரு லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சக்கரை, அரை ஸ்பூன் உப்பு, தலை தட்டிப் போடு. கொஞ்சம் கொஞ்சமாக் குடு. நான் வந்துடறேன்."

"எங்க போறீங்க?"

"மானத்த விக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஒரு தெருவில் பதினாலு கதவைத் தட்டி, நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்வது சின்ன வேலை இல்லை. முதல் கதவைத் தட்டினாள். தையல்கார அம்மா, சேறு அப்பிய மிஷினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவள், "வாங்கக்கா, இன்னிக்கு என்ன காலையிலேயே தண்ணியா?" என்று சிரித்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்லம்மா. நேத்துத் தண்ணி மிச்சம் இருந்தா கொட்டிடு."

"ஏன்?"

"கொட்டிடுன்னா கொட்டிடு. எங்க வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்ல. மருந்து சரியா ஏறலையோன்னு சந்தேகமா இருக்கு."

தையல்காரியின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "ராத்திரி நாங்க அஞ்சு பேரும் குடிச்சோமே அக்கா. எங்கப்பா வேற…"

"யாருக்காவது வயித்தால போகுதா?"

"இதுவரைக்கும் இல்ல."

'இதுவரைக்கும்' என்ற அந்த வார்த்தை அவளோடு அடுத்த கதவுக்கும் வந்தது, அதற்கடுத்த கதவுக்கும் வந்தது. சலூன்காரர் வீட்டில் குழந்தை ஒன்று வாசலில் உட்கார்ந்து டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சவுக்காரக்கா பாய்ந்து அதைப் பிடுங்கியதில் குழந்தை வீறிட்டது. சலூன்காரர் கோபப்படாமல், "என்னக்கா, நீலத் தண்ணியா குடுத்தீங்க?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பாள். அன்று அவளுக்கு அழுகைதான் வந்தது.

வாத்தியார் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அந்த வீட்டுக்குப் போகவே தேவையில்லை, அவர்தான் நம் தண்ணீரைக் குடிப்பதில்லையே என்று மனசு சமாதானம் சொன்னது. ஆனால் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டு அங்கே சொல்லாமல் போனால் அது கோழைத்தனம். போனாள். வாத்தியார் சாய்வு நாற்காலியில் இருந்தார். விறகாகாமல் தப்பித்த ஒரே நாற்காலி.

"வாத்தியாரே, நேத்து நீங்க கேட்டீங்கல்ல, மோந்து பாத்தியான்னு? எனக்கு மூக்கே கிடையாது. பொய் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கு இப்ப வயித்தால போகுது."

வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். நாலு வார்த்தை நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர், "எத்தனை தடவை போச்சு? ஆளு பேசுறாரா? ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பிட்டியா?" என்றுதான் கேட்டார்.

"நர்ஸ் விரிப்பு வாங்க வர்ற நேரந்தான்."

"அப்ப வீட்டுக்குப் போ. இங்க நின்னு என்ன பண்ற? நான் கொதிக்கவெச்ச தண்ணி குடிக்கறவன், எனக்கு ஒண்ணும் ஆகாது. மத்த வீட்ட நான் பாத்துக்கறேன்."

அவள் படி இறங்கியதும் பின்னாலேயே வாத்தியார் வீட்டம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது. ரகசியமாய்ப் பேசினாள்.

"சவுக்காரக்கா, நாலு நாளா அவரும் உங்க தண்ணியத்தான் குடிக்கறாரு."

"என்னது!"

"மெதுவா, மெதுவா. ரெண்டு நாற்காலில எத்தனை நாளைக்குக் கொதிக்கவைக்கறது? நான் பின்பக்கமா வந்து உங்க மருமககிட்ட வாங்கிட்டுப் போயி, லேசா வெதுவெதுன்னு பண்ணிக் குடுத்துடுவேன். கொதிச்ச தண்ணின்னு நினைச்சுக்கிட்டு ரசிச்சுக் குடிப்பாரு. நேத்து ராத்திரியும் ஒரு சொம்பு. இதயம் வேற வீக்கான மனுஷன். ஏதாவது ஆயிடுமா அக்கா?"

சவுக்காரக்கா கையை விடுவித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். தப்பித்தது என்று அவள் நினைத்த ஒரு வீடும் தப்பவில்லை. பதினாலும் பதினாலேதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் காதில் விழுந்தது கொல்லையில் மருமகள் வாந்தி எடுக்கும் சத்தம்.

அவளுக்கு அப்போது கடவுளைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை. ஓடிப்போய் மருமகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "எப்பத்துலேர்ந்து? வயிறு வலிக்குதா? சொல்லு, சொல்லு."

"வலியெல்லாம் இல்ல அத்தை. தினம் எடுக்கறதுதானே."

"தினம் எடுக்கறதுதானா, இன்னிக்கு வேறயா? நல்லா யோசிச்சுச் சொல்லு!"

"வாந்தியில வேற வேற ரகம் இருக்கா அத்தை? எனக்கு எப்படித் தெரியும்?" என்று மருமகள் அழ ஆரம்பித்தாள். மாமியாரும் சேர்ந்து அழுதாள். இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது நர்ஸ் வாசலிலிருந்து, "யாரும் இல்லையா? விரிப்பு ரெடியா?" என்று குரல் கொடுத்தார்.

நர்ஸ் முழங்கால் வரை சேறோடு வந்திருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். சவுக்காரக்கா அழுகையும் பேச்சுமாய்ச் சொன்னதை எல்லாம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். ஜன்னல் பலகைப் பாட்டிலை வாங்கித் திறந்து மோந்தார். "செத்துப் போகல. ஆனா பழசு. இனிமே இதுல இரட்டிப்பா விடுங்க" என்றார். பிறகு பெட்டிக்காரர் கட்டிலுக்குப் போய்த் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நாடியைப் பிடித்தார்.

"எத்தனை தடவை?"

"ஆறு" என்றார் பெட்டிக்காரர். மனைவிக்குத் தெரிந்தது நாலு.

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"ஒண்ணுக்குப் போகுதா?"

"கொஞ்சமாப் போகுது."

"உப்புச் சக்கரைத் தண்ணி நிறுத்தாமக் குடிக்கணும். மூணு மணி நேரம் பாப்போம். நிக்கலேன்னா தூக்கிட்டுப் போயிடலாம்." சவுக்காரக்கா பக்கம் திரும்பினார். "நேத்து சாயங்காலம் குடிச்ச தண்ணி விடியறதுக்குள்ள இப்படிப் பண்றது கம்மி. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். ஆனா நிச்சயமா இல்லேன்னும் சொல்ல முடியாது. இவரு வேற என்ன குடிச்சாரு, என்ன தின்னாரு?"

"நாங்க தின்ன அதே சோறு. அதே தண்ணி. மூணு பேருக்கும் ஒரே குடம் சிஸ்டர்."

நர்ஸ் யோசித்துக்கொண்டே விரிப்புகளை எண்ணினார். பன்னிரண்டு மடித்து வைத்திருந்தது. எட்டு, வெயிலில் காய்ந்து பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. பெட்டிக்காரர் மெல்ல எழுந்தார்.

"எட்டுதான் சிஸ்டர். கரி இன்னும் சூடா இருக்கு. அரை மணி நேரத்துல போட்டுத் தந்துடறேன்."

"நீங்க படுங்க."

"அங்க நோயாளி வெறும் கட்டில்ல கிடப்பான்" என்றார் அவர். அந்த ஏழு நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. யாரும் தடுப்பதற்குள் மேஜைக்குப் போய்விட்டார். கரண்ட் போனதிலிருந்து பரணில் ஒரு பை கரியோடு கிடந்த கரிப்பெட்டிதான் ஓடுகிறது. ஊதி, சாம்பலைத் தட்டி, விரல் நுனியில் எச்சில் தொட்டுச் சூடு பார்த்தார். ஒரு விரிப்பை உதறிப் போட்டார். மேஜையோரத்து அலுமினியக் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் தண்ணீரை வாங்கிக்கொண்டு, கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து, ஃபூ என்று ஊதினார். பனி மாதிரி விரிப்பு முழுக்க ஒரே சீராய்த் தூறல் விழுந்தது. பெட்டியை எடுத்துத் தேய்த்தார். ஆவி எழுந்தது. மறுபடி கிண்ணம், மறுபடி ஃபூ.

நர்ஸ் விரிப்பு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"இது என்ன?"

"எது?" என்றார் பெட்டிக்காரர்.

"வாயில வெச்சு ஊதுறீங்களே, அது."

"தண்ணி தெளிச்சாத்தான் சிஸ்டர் சுருக்கம் போகும்."

"அது தெரியுது. எந்தத் தண்ணி?"

பெட்டிக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கொல்லையைப் பார்த்தார். "முதல் டிரம்மு" என்றார்.

"அதாவது கிணத்துத் தண்ணி. தெளிய வெச்சது மட்டும். வடிகட்டல, மருந்து விடல."

"ஆமா."

"எத்தனை நாளா?"

"தெளிக்கிற பாட்டிலு வெள்ளத்துல போச்சு. நாலு நாளா இப்படித்தான். சின்ன வயசுல தொழில் கத்துக்கிட்டப்ப இப்படித்தான் ஊதுவோம். பாட்டில் போனதும் பழைய பழக்கம் தானா வந்துடுச்சு."

"யோவ்!" என்று சவுக்காரக்கா அலறினாள். முப்பது வருஷத்தில் தெரு கேட்க அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நாலு நாளா என் கண்ணு முன்னாடி ஊதிக்கிட்டு நிக்கறே, நானும் பாத்துக்கிட்டு நிக்கறேன்! ஒரு நாளைக்கு எத்தனை வாய்யா ஊதுவே?"

"விரிப்புக்கு ஆறேழு வாய் வரும்."

"இருபது விரிப்பு! அதுல பாதி வெளிய போனா பாதி உள்ள போகுமே! நான் ராத்திரி பகலா இறைச்சு, தெளிய வெச்சு, வடிகட்டி, மருந்து விட்டு டம்ளர்ல குடுக்கறேன். நீ அந்தாண்ட போயி வெள்ளத் தண்ணிய வாய் வாயா வாங்கிக்கறே! மூணாவது டிரம்முல ஒரு கிண்ணம் மொண்டுக்கிட்டா என்னய்யா?"

பெட்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "குடிக்கிற தண்ணியத் துணியில ஊதச் சொல்றியா?" என்றார், அவளைப் பார்க்காமல். "பதினாலு வீடு வரிசைல நிக்குது. நீ தோள் பட்டை விட்டுப்போக இறைக்கறே. அதுல போயி ஒரு கிண்ணம் எடுத்து எப்படி ஊதறது? மனசு வரல."

சவுக்காரக்காவுக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. திட்டாமல், கிண்ணத்தை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.

"விரிப்புக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் நர்ஸ். முதல் தடவையாக அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "அந்தச் சூட்டுல எதுவும் உயிரோட இருக்காது. பிளீச் போட்டுத் துவைச்சுப் பெட்டி போட்ட விரிப்பு எங்க ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான பொருள். இவரு வாய்க்குத்தான் பெட்டி போடல. ஆனா அவசரப்படாதீங்கம்மா. இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. இருந்தாலும் பதினாலு வீட்டையும் ஒரு சுத்து பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் டிரம்முத் தண்ணியக் குடிக்க வேணாம்."

நர்ஸ் போனார். அந்த ஒரு மணி நேரத்தை சவுக்காரக்கா எப்படிக் கழித்தாள் என்பதை அவளே பிறகு சொல்ல முடியாமல் திணறினாள். புருஷனைப் படுக்கவைத்தாள். ஸ்பூன் ஸ்பூனாக உப்புச் சக்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கிண்ணத்துத் தண்ணீரைச் சேற்றில் வீசி அடித்தாள். மிச்ச விரிப்புகளை, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, தானே பெட்டி போட்டாள். ஒரு மடிப்புகூட நேராக வரவில்லை. கட்டிலிலிருந்து பெட்டிக்காரர், "ஓரத்த இழுத்துப் புடி" என்றார். "நீ வாய மூடு, அதால வந்த வினைதான் இது" என்றாள்.

வாசலில் யார் நடந்தாலும் எட்டிப் பார்த்தாள். தையல்காரியின் அப்பா, சலூன்காரர் குழந்தை, வாத்தியாரின் வீக்கான இதயம், உள்ளே படுத்திருக்கும் மருமகள், அவள் வயிற்றில் இன்னும் முகம் பார்க்காத ஒன்று. ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

நர்ஸ் திரும்பி வந்தபோது பின்னால் வாத்தியாரும் வந்தார். படியில் நின்றபடியே நர்ஸ் சொன்னார்.

"அறுபத்தோரு பேரு. ஒருத்தர் விடாமக் கேட்டாச்சு. யாருக்கும் வயிறு கெடல, யாருக்கும் காய்ச்சல் இல்ல. ரெண்டு வீட்டுல நேத்துத் தண்ணி மூடி வெச்சது இன்னும் கொட்டாம இருந்துச்சு. மோந்து பாத்தேன். லேசாத்தான், ஆனா இருக்கு. உங்க மருமகளுக்கும் இது மசக்கை வாந்திதான், வயித்தால போகலையே. உங்க தண்ணியால யாருக்கும் எதுவும் ஆகலம்மா."

சவுக்காரக்கா அழுக்குத் துணி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், விம்மி விம்மி, தோள் குலுங்க. அழுகையா சிரிப்பா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்படி அழுதாள்.

கட்டிலிலிருந்து மெலிந்த குரல் வந்தது. "எதுக்கு அழுவுறே? யாருக்காவது ஏதாவதா?"

"யாருக்கும் இல்லங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமலே. "உங்களுக்கு மட்டுந்தான். உங்களுக்கு மட்டுந்தாங்க வந்திருக்கு!"

அவள் அதைச் சொன்ன சந்தோஷத்தைக் கேட்டு வாத்தியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மருமகள் சிரித்தாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டிக்காரர், "சரி, நல்லதாப் போச்சு" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். மனைவி மூட்டையிலிருந்து எழுந்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாத்தியார் நாகரிகமாக வாசலுக்குப் போய் நின்றார்.

மத்தியானத்துக்கு மேல் அவருக்கு வயிறு ஒருவழியாக அடங்கியது. மூன்று மணிக்கு நர்ஸ் ஆள் அனுப்பிக் கேட்டபோது, ஒண்ணுக்குத் தாராளமாய்ப் போனதாக மருமகள் வெட்கப்படாமல் சொல்லி அனுப்பினாள்.

அன்று மாலை தெரு வருமா வராதா என்று சவுக்காரக்காவுக்குத் தெரியவில்லை. வராவிட்டால் குறைசொல்ல முடியாது. இருந்தாலும் இறைத்தாள், வடிகட்டினாள், மருந்தை இரட்டிப்பாய் விட்டாள். அரை மணி கழித்து மூடியைத் திறந்தாள். மருமகள் ஓரடி தள்ளி நின்று முகத்தைச் சுளித்து, "யப்பா! நல்லாவே இருக்கு அத்தை" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது பதினாலு வீடும் நின்றது. தையல்காரி முதலில், பின்னால் சலூன்காரர், அப்படியே முனை வரை. வாத்தியார்கூட இந்த முறை கையில் ஒரு குடத்தோடு நின்றார். நாற்காலி எல்லாம் தீர்ந்துவிட்டதாக யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சவுக்காரக்கா மொள்ளுகிற சொம்பைக் கையில் எடுத்தாள். ஆனால் மொள்ளவில்லை.

"ஒரு நிமிஷம். காலையில வந்து சந்தேகம்னு மட்டுந்தான் சொன்னேன். வாத்தியார்கிட்ட மட்டுந்தான் உண்மையச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்லிடறேன். நேத்து நான் மோந்து பாக்கல. எனக்கு வாசனை தெரியாது, ரொம்ப வருஷமாத் தெரியாது. வீம்புக்குப் பொய் சொன்னேன். தெய்வாதீனமா யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல. இனிமே என் மருமக மோந்து சொல்லாம ஒரு சொட்டு இந்த டிரம்மவிட்டு வெளிய போகாது. என்மேல நம்பிக்கை இல்லாதவங்க திரும்பிப் போயிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

வரிசையில் குடங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. தையல்காரி பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் குடத்தை டிரம்முக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"ஊத்துங்கக்கா" என்றாள். "அப்பா காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்காரு."